சாம்பலுக்குக் கீழே

ஆடி பிறந்த நாளிலிருந்து காற்று ஓயவில்லை. உடன்குடிக்கு மேற்கே, தேரிக்காட்டின் ஓரத்தில் வெட்டியிருந்த குழிக்குள் தினமும் காலையில் முழங்கால் அளவுக்குச் செம்மணல் நிறைந்து கிடக்கும். நேற்றுத் தோண்டிய இடத்தை இன்று மறுபடி கண்டுபிடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். பனையேற்றுக் காலம் முடிந்துவிட்டதால் வேலைக்கு ஆட்கள் கிடைத்தார்கள். அவர்கள் அள்ள அள்ள, குழியின் விளிம்பில் நின்றுகொண்டு ஆராவமுதன் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டிக்கொண்டே இருந்தான். காற்று அவனையும் சேர்த்துத்தான் விரட்டியது.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆராவமுதன் தொல்பொருள் இலாகாவில் உதவி அதிகாரி. தென்திருப்பேரைக்காரன். ஓர் இடத்தில் உட்காரத் தெரியாதவன். சாப்பிடும்போதுகூட இடது கை தரையில் எதையாவது கீறிக்கொண்டிருக்கும். மனிதன் எப்போது உழவனானான், எப்படி ஆனான் என்ற ஒரே கேள்விதான் அவனை அப்படிப் பிடித்து ஆட்டியது.

அந்தக் குழியில் கேள்வி கண்ணுக்குத் தெரியும்படியே கிடந்தது. மேலே காற்று கொண்டுவந்து போட்ட மணல். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஓர் அடுக்கு. அதில் முதுமக்கள் தாழிகள், துருப்பிடித்த இரும்பு, கறுப்புச் சிவப்புப் பானை ஓடுகள். அதற்கும் கீழே கல்லாக இறுகிப்போன செம்மண். அதில் நகக்கண் அளவே உள்ள கற்சில்லுகள், கடல் சிப்பிகள். அங்கே பானை கிடையாது, இரும்பு கிடையாது. வேட்டையாடியும் சிப்பி பொறுக்கியும் பிழைத்தவர்கள் விட்டுப்போனவை அவை.

மேலடுக்கு மனிதர்கள் வேறெங்கிருந்தோ விதையோடு வந்தவர்கள் என்பது மேலதிகாரி தேவபிரசாதத்தின் கட்சி. அவர்களும் தாமிரபரணிக் கரையில் விளைவித்து, செத்தவர்களைப் புதைக்க மட்டும் இந்த மணலுக்கு வந்துபோனார்கள் என்பார் அவர். ஆராவமுதன் ஒப்பமாட்டான். கீழடுக்கு மனிதர்களே கொஞ்சம் கொஞ்சமாக விதைக்கக் கற்றார்கள், கற்சில்லைப் பிடித்த கைதான் பிறகு கதிர் அறுத்தது என்று ஒரு கூட்டத்தில் பேசியும்விட்டான். "சான்று?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவன் காதை விட்டுப் போகவில்லை.

அவன் மனைவி ஹேமாம்புஜம் மெட்ராஸில் தாவரவியல் படித்துத் தேறியவள். வேலைக்குப் போகவில்லை, கல்யாணத்துக்குப் பிறகு அவன் போன இடமெல்லாம் கூடப் போனாள். குழிக்குப் பக்கத்தில் ஓலைக் கொட்டகை போட்டு, வந்த ஓடுகளைக் கழுவிப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதை அவளாகவே எடுத்துக்கொண்டாள். பானைக்கு மண் பிசையும்போது தானியம் விழுந்துவிட்டால், சூளையில் அது எரிந்துபோனாலும் அதன் அச்சு ஓட்டில் தங்கிவிடும். அந்தப் பள்ளத்தில், பிள்ளைகள் பொம்மை செய்யும் பிளாஸ்டிசினை அழுத்தி எடுத்தால் தானியத்தின் உருவம் திரும்பக் கிடைக்கும். நூற்றுக்கணக்கான ஓடுகளைப் பார்த்துவிட்டாள். கிடைத்ததெல்லாம் புல்லும் வைக்கோலும்தான்.

ஒரு புதன்கிழமை, குழியில் மண் வாரும் செல்லத்தாய் உள்ளங்கை அளவு ஓட்டைக் கொண்டுவந்து வைத்தாள். உடன்குடிப் பக்கத்துக்காரி, புருஷன் இலங்கைக்குப் போனவன் யுத்தத்துக்குப் பிறகும் திரும்பவில்லை. ஓட்டின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு குழிவு. ஹேமா பிளாஸ்டிசினை அழுத்தி மெல்ல உரித்தாள். கண்ணாடியை வைத்துப் பார்த்தவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏன்னா, இங்க வாங்கோ!"

அவன் குழியிலிருந்து ஓடிவந்தான்.

"சாமை. காட்டுப் புல்லோட மணி ஒல்லியா இருக்கும். இது வயிறு உப்பினது. விதைச்சு அறுத்த சாமைதான்னு தோணறது."

அவன் ஓட்டைப் பார்க்கவில்லை, செல்லத்தாயைப் பார்த்தான். "இது கீழ் அடுக்கிலேதானே எடுத்தே? சிப்பி கிடக்கிற சிவப்பு மண்ணிலே?"

செல்லத்தாய் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்தாள். "ஆமா சாமி. அங்கனதான்."

அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தபாலாபீஸுக்கு நடந்தான். கல் ஆயுதக்காரர்களின் அடுக்கில் விளைச்சல் தானியம் கிடைத்துவிட்டதாக தேவபிரசாதத்துக்குத் தந்தி போயிற்று. மறுநாளே பதில் வந்தது. திங்கட்கிழமை தூத்துக்குடிக்கு ரயிலில் வருகிறேன், ஒன்றையும் தொடவேண்டாம்.

ஹேமாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ரேஷன் அரிசியில் கல்லும், கல்லுக்கு மேல் தேரி மணலும். அதனால் அல்ல. சனிக்கிழமை மத்தியானம் அவனுக்குப் பரிமாறிக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஓடு எந்த இடத்திலே கிடந்ததுன்னு நீங்க கண்ணாலே பாத்தேளா?"

"அவ சொன்னாளே."

"அவளா சொல்லலை. நீங்க சொன்னேள். அவ ஆமான்னா."

அவன் கை தரையைக் கீறுவதை நிறுத்தியது. "என்ன சொல்ல வரே?"

"கீழ் அடுக்கிலே இதுவரைக்கும் ஒரு பானைச் சில்லுகூட வரலை. திடீர்னு ஒண்ணு, அதுவும் சாமையோட. மேலேர்ந்து சரிஞ்சு விழுந்திருக்கலாம். அந்த இடத்துச் சுவரை ஒரு முழம் வெட்டிப் பாத்துடலாமே?"

"சுவரை வெட்டினா அப்புறம் அவர் வந்து எதைப் பார்ப்பார்? தொடாதேன்னு தந்தியே வந்தாச்சு."

"நீங்க பயப்படறேள்."

"போறும்." பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டான். கை கழுவிவிட்டு வந்து, அவளைப் பார்க்காமல் சொன்னான்: "எத்தனை வருஷமா இந்த மணலைத் தின்னுண்டிருக்கேன் தெரியுமா? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் சொன்னது சரியா இருக்கப்படாதா?"

அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. ஆனால் சந்தேகம் போகவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் கரியில் ஓடும் பஸ்ஸைப் பிடித்து அவன் தூத்துக்குடிக்குப் போனான். ரயில் வர நேரமிருந்தது. ஸ்டேஷனில் உட்கார முடியாமல் கடற்கரைக்கு நடந்தான். கப்பல்கள் கரைக்கு வர ஆழம் போதாமல் தொலைவில் நங்கூரம் போட்டு நின்றன. தோணிகள் கோதுமை மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கின. பர்மா அரிசி நின்று நாலு வருஷமாகியும் ஊர் இன்னும் கோதுமைக்குப் பழகவில்லை. சுமை தூக்குகிறவர்கள் மூட்டைக்கு மூட்டை வைதுகொண்டே நடந்தார்கள். ஆராவமுதன் அங்கேயும் நிற்காமல் திரும்பிவிட்டான்.

தேவபிரசாதம் பருத்த மனிதர், நிதானமானவர். பாளையங்கோட்டைக்காரர். இறங்கியதும் காப்பி குடித்தார். யாரிடமோ சொல்லி வைத்திருந்த பட்டாளத்து ஜீப் வெளியே நின்றது. ஏறி உட்கார்ந்ததும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்.

"என்ன ஓய், சில்லு கிடைச்ச இடத்திலே சுவரைச் சுத்தமா சீவிப் பாத்தீரா? வளை, வேர், விரிசல் ஒண்ணும் இல்லையே?"

"பாத்தாச்சு சார். ஒண்ணும் இல்லை."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது தெரிந்தது. ஜீப் கிளம்பிவிட்டது. வழியெல்லாம் தேவபிரசாதம் மெட்ராஸ் விசேஷங்களைப் பேசிக்கொண்டு வந்தார். ஆராவமுதனுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. திரும்பிப் பார்த்து, ‘இல்லை சார், பாக்கலை’ என்று சொல்ல ஒவ்வொரு மைல் கல்லிலும் வாய் எடுத்தான். ஒவ்வொரு மைல் கல்லும் பின்னால் போயிற்று.

அதே நேரத்தில் ஹேமா குழிக்குள் இறங்கியிருந்தாள். ஆட்களின் மேஸ்திரி வன்னியபெருமாள் மேலே நின்று தயங்கினார்.

"சாமி ஒண்ணையும் தொடக்கூடாதுன்னுல்லா சொல்லிட்டுப் போயிருக்காவ."

"வந்தா நான் சொல்லிக்கறேன் அண்ணாச்சி. செல்லத்தாய், நீ இறங்கி வா. அந்த ஓட்டை எந்த இடத்திலே எடுத்தே? காட்டு."

செல்லத்தாய் இறங்கி வந்து நின்றாள். காற்றில் பறந்த சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். தரையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், பிறகு அழுகிற மாதிரி ஆகிவிட்டாள்.

"அம்மா, நான் தோண்டி எடுக்கல. சுவத்தடியில உதுந்து கெடந்த மண்ண வாரும்போது கெடந்துச்சு. சாமி ‘கீழதான எடுத்தே’ன்னு கேட்டாவ. அவுக மொகத்தப் பாத்தேன். அம்புட்டு ஆசையாக் கேக்காவ. கீழதான கெடந்துச்சு, ஆமான்னுட்டேன்."

"இதை நீ அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வேலைய விட்டு நிறுத்திட்டா? ரேசன்ல போடுத கோதுமைய என் பிள்ளைய திங்கவே மாட்டேங்கு. வெளியிலதான் எதையாச்சும் வாங்கிக் குடுக்கணும்."

வன்னியபெருமாள் மேலிருந்து அதட்டினார்: "ஏளா, இப்ப அழுது என்னத்துக்கு? எடத்தக் காட்டு."

அவள் காட்டிய இடத்தில் ஹேமா சின்னக் கரண்டியால் சுவரைச் சீவினாள். உலர்ந்த மேல்தோல் உதிர்ந்து இறுகிய செம்மண் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சீவினாள். சிவப்புக்கு நடுவே எலுமிச்சம்பழ அளவில் வட்டமாக, சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. தொட்டதும் மெத்தென்று விரல் உள்ளே போயிற்று.

"எலிவளை" என்றாள் செல்லத்தாய்.

ஹேமா கரண்டியால் அதைத் தொடர்ந்து போனாள். வளை சாய்வாக மேலே ஏறிச் சாம்பல் அடுக்குக்குள் போயிற்று. மேலடுக்கு மண்ணும் ஓடும் அந்த வழியாகக் கீழே இறங்கியிருக்கின்றன. புருஷனின் சான்று போயிற்று. தானே அதைப் போக்கடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கரண்டியைக் கீழே வைத்தாள்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. வளையின் மேல்முனையையும் பார்த்துவிடுவோம் என்று ஓர் ஏணிப்படியில் ஏறிச் சீவினாள். அங்கே அவள் எதிர்பார்த்தது, வளை தரைமட்டம் வரைக்கும் வந்து திறந்திருக்கும் என்பது. திறந்திருக்கவில்லை. வளையின் வாய்க்கு மேலே ஒரு பழைய அடுப்பின் சாம்பல், நாலு விரல் கனத்தில், கல் மாதிரி இறுகி, ஒரு கீறல்கூட இல்லாமல் குறுக்கே ஓடியது. அதற்கு மேலே ஒரு தாழியின் அடிப்பாகம் உட்கார்ந்திருந்தது.

அவள் அப்படியே நின்றாள். எலி இப்போது வந்ததல்ல. யாரோ அந்த இடத்தில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், அந்தத் தாழியை இறக்குவதற்கு முன்னால் வந்துபோன எலி.

"அண்ணாச்சி, வளையோட கடைசி முனை எங்க இருக்கும்?"

"உள்ள போயி ஒரு அறை மாதிரி விரிஞ்சிருக்கும்மா. அங்கதான நெல்லக் கொண்டுபோயிச் சேத்து வைக்கும்."

கையை விட்டு மெல்ல மெல்ல மண்ணை எடுத்தார்கள். அறை இருந்தது. ஒரு சிரட்டை அளவுதான். அதன் அடியில் வெளுத்துப்போய், ஊதினால் பறந்துவிடும்போல, உமி. ஒன்றல்ல, கொத்தாக. ஹேமா மூச்சை அடக்கிக்கொண்டு சிகரெட் டின் ஒன்றில் பஞ்சை விரித்து அதை எடுத்து வைத்தாள். கண்ணாடியில் பார்த்தாள். சாமை. எல்லாம் சாமை.

தானியம் ஆற்றங்கரையிலிருந்து தாழியில் போட வந்ததாக இருக்கலாம் என்பார் தேவபிரசாதம். சரி. எலிக்கு யார் கொண்டுவந்து கொடுத்தார்கள்? அது கூப்பிடு தூரத்தில் வயல் இருந்தால்தானே பொறுக்கிச் சேர்க்கும்? இந்த மணலுக்குப் பக்கத்திலேயே, அந்தத் தாழிக்காரர்கள் இருந்த காலத்திலேயே சாமை விளைந்திருக்கிறது. ஆராவமுதன் கேட்ட சான்று இது இல்லைதான். வேறொன்று, ஒருவேளை பெரியது.

காற்று அப்போதுதான் வலுத்தது. சீவிய சுவரின் மேல்மணல் சரசரவென்று உதிரத் தொடங்கியது. "தட்டியக் கொண்டாங்கலே!" என்று வன்னியபெருமாள் கத்தினார். ஓலைத் தட்டிகளை விளிம்பில் நிறுத்தி ஆட்கள் முதுகால் முட்டுக்கொடுத்தார்கள். கண்ணெல்லாம் மணல்.

ஜீப் சத்தம் கேட்டது. மணலில் சக்கரம் புதைந்து தொலைவிலேயே நின்றுவிட்டது. தேவபிரசாதம் இறங்கிச் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆராவமுதன் ஓடிவந்துவிட்டான். வெட்டியிருந்த சுவரைப் பார்த்ததும் கத்தினான்.

"என்ன காரியம் பண்ணிட்டே!"

"கத்தாதேங்கோ. வந்து பாருங்கோ." ஹேமா அவன் கையைப் பிடித்து இழுத்துப்போய் வளையைக் காட்டினாள், சாம்பலைக் காட்டினாள், டின்னைத் திறந்து காட்டினாள். ஏன், எப்படி என்று நாலே வார்த்தையில் சொன்னாள்.

அவன் வளையையே பார்த்துக்கொண்டு நின்றான். பழக்கத்தில் கை, மண் சீவும் கத்தியை எடுத்திருந்தது. இரண்டு தட்டுத் தட்டினால் வளை இருந்த இடம் தெரியாது. காற்றின்மேல் பழியைப் போடலாம். ரயிலடியில் சொன்னது பொய்யில்லை என்றாகிவிடும். அந்த எண்ணம் அவனுக்கு வந்தது. அது வந்ததை ஹேமாவும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. மணலில் கால் புதையப் புதைய தேவபிரசாதம் வந்துகொண்டிருந்தார்.

"வன்னியபெருமாள், அந்த மூலைத் தட்டியை இறுக்கிப் பிடிங்க" என்றான் ஆராவமுதன். குழியை விட்டு ஏறி மேலதிகாரிக்கு எதிரே போனான்.

"சார், உங்ககிட்ட ரயிலடியிலே சொன்னது பொய். சுவரை நான் சீவிப் பாக்கலை. இன்னிக்கு என் மனைவி பாத்திருக்கா. எலிவளை இருக்கு. என் சில்லு மேலடுக்கிலேர்ந்து விழுந்தது. ஆனா அந்த வளைக்கு மேலே ஒண்ணு இருக்கு. அதை நீங்க உடனே பாக்கணும். சீக்கிரம் வாங்க சார்."

தேவபிரசாதம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "பொய்யா? என்கிட்டயா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ஏணியில் கால் வைத்தார்.

அவர் கனத்த உடம்பு இரண்டாவது படிக்கு வந்தபோது, ஒரு தட்டி கிழிந்து பறந்தது. விளிம்பு மணல் ஒரேயடியாகச் சரிந்தது. தாழியின் அடி பிளந்து, அடுப்புச் சாம்பலையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. செல்லத்தாயை இடுப்பு வரை மணல் மூடிவிட்டது. ஆராவமுதன் முதலில் குதித்து அவளை இழுத்தான். வன்னியபெருமாள் மறுகையைப் பிடித்தார். அவள் இருமிக்கொண்டே எழுந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள்.

தூசி அடங்கியபோது வளையின் கீழ்ப்பாதி சுவரில் அப்படியே தெரிந்தது. மேலே வெறும் மணல்.

தேவபிரசாதம் வளையைப் பார்த்தார். விழுந்து கிடந்த சாம்பல் கட்டிகளைப் புரட்டிப் பார்த்தார். டின்னை வாங்கி உமியை நெடுநேரம் பார்த்தார்.

"அம்மா, இது வளைக்கு மேலே உடையாம இருந்ததை நீங்க பாத்தீங்க?"

"பாத்தேன்."

"இவரும்?"

"பாத்தேன் சார்" என்றான் ஆராவமுதன்.

"காலையிலே ஒண்ணு சொன்னவர் சாயங்காலம் சொல்றதை நான் எப்படி ஓய் எழுதறது?" அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் ஆராவமுதனை அதிகம் சுட்டது. "வளையை நான் பாத்தேன். உமியைப் பாத்தேன். அந்தச் சாம்பலை இருந்த இடத்திலே வச்சுப் பாக்கலை. பாத்ததைத்தான் எழுதுவேன்."

அப்படியே எழுதினார். எலிவளை ஒன்றில் சாமை உமி கிடைத்தது, காலம் நிச்சயமில்லை என்று ஒரே வாக்கியம். குழியை மூடச் சொன்னார். மூடுகிற வேலையைக் காற்றே பார்த்துக்கொண்டது. ஆராவமுதனுக்குப் பெல்லாரிக்கு மாற்றல் வந்தது. ஹேமாவுக்கும் ஒரு கடிதம் வந்தது. மெட்ராஸில் இருக்கும் தாவரவியல் கூடம் ஒன்றில், பழந்தானியங்களைப் பார்க்க ஆள் வேண்டும், வர முடியுமா என்று தேவபிரசாதமே கேட்டு எழுதியிருந்தார். டின்னையும் அங்கே கொண்டுவரச் சொன்னார்.

ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முதல் நாள் வன்னியபெருமாளும் செல்லத்தாயும் வந்து சொல்லிக்கொண்டு போனார்கள். செல்லத்தாய்க்குச் சாயர்புரத்தில் கட்டட வேலை கிடைத்திருந்தது. "எம்மேல கோவமா சாமி?" என்று கேட்டாள். ஆராவமுதன் தலையை ஆட்டினான். "நான் கேட்ட லட்சணம் அப்படி. நீ என்ன செய்வே?"

தூத்துக்குடியில் ரயில் ஏறினார்கள். வண்டி கிளம்பியதும் அவன் ஜன்னலைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

"தனியா இருந்துடுவியா?" என்று கடைசியில் கேட்டான்.

"இருந்துடுவேன். நீங்க?"

"தெரியலை." ஜன்னலை மறுபடி மூடிவிட்டு, "அந்தக் கத்தி கையிலே இருந்தபோது நீ ஏன் ஒண்ணும் சொல்லலை?" என்றான்.

"சொல்லியிருந்தா அது என்னோட முடிவா ஆயிருக்கும்."

அவன் அவள் கையை எடுத்துத் தன் மடிமேல் வைத்துக்கொண்டான்.

மணியாச்சியைத் தாண்டியதும் தண்டவாளத்துக்காக வெட்டிய மண்கரை இருபுறமும் உயர்ந்தது. மேலே கரிசல், அதற்குக் கீழே வெளுத்த சுண்ணாம்பு, அதற்கும் கீழே சிவப்பு. அவன் எழுந்து கதவருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். "ஹேமா, அந்தக் கறுப்புக்கு அடியிலே ஏதோ வரிசையா தெரியறது பார்" என்றான். வண்டி வேகமெடுத்தது. அவளும் எழுந்து, பெட்டி ஆட்டத்தில் இருக்கைகளைப் பிடித்தபடி, அவன் பக்கத்தில் போய் நின்றாள்.